அகில், காரஸ், வண்டுகொல்லி: மருந்து மரங்களும் அவற்றின் பெயர்களும்



நாம் கூடியிருக்கும் இந்நகரின் பெயரே ஒரு மரத்தின் பெயர். ஈப்போ என்பது, ஊதுகுழல் அம்பின் நுனியில் பூசும் நஞ்சைத் தரும் மரத்துக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயராகும். பேராக்கின் மலைக்காடுகளில் வாழும் தெமியார், செமாய் மக்கள் அதன் பாலை அம்பில் தடவி வேட்டையாடினர். அதே மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. அங்கே அதற்கு நெட்டாவில் என்னும் தமிழ்ப்பெயர் உண்டு. அதன் பட்டையைத் தட்டி உரித்துச் சாக்குப்பையாகப் பயன்படுத்தினர். ஒரே மரத்தை ஒரு மக்கள் பாலுக்காக அறிந்தனர், வேறொரு மக்கள் பட்டைக்காக அறிந்தனர். மலாக்கா என்பதும் மரப்பெயரே. அது நெல்லியின் மலாய்ப்பெயர். ஆமலகம் என்னும் வடசொல்லோடு அதற்குள்ள உறவை மாணவர்களே கண்டுகொள்ளலாம்.

இன்றைய தலைப்பு, பூஞ்சணத்தை எதிர்க்கும் ஆற்றல் கொண்ட, அருகிவரும் மருந்து மரங்கள் பற்றியது. இதில் மொழியியல் படித்தவர்க்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். மருந்து, பெயரில் தொடங்குகிறது. எந்த மரத்தின் எந்த உறுப்பு என்பதைப் பெயர் தவறாகச் சொன்னால் நோயாளிக்கும் கேடு, மரத்துக்கும் கேடு. இதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்ளும் முதற்சொல் அகில்.

சங்க நூல்களில் அகில் பலமுறை வருகிறது. மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினர். மாடங்களில் அகிற்புகை எழுந்தது. பட்டினப்பாலை, புகார்த் துறையில் குவிந்த பண்டங்களுள் மேற்கு மலையில் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் வரும் அகில் மலையிலிருந்து இறங்கி வரவில்லை. கீழைக்காற்றோடு கலங்களில் ஏறித் தொண்டிக்கு வருகிறது. ஒன்று மேற்கு மலையில் பிறந்தது, மற்றொன்று கிழக்குக் கடலைக் கடந்தது. இவ்விரண்டும் ஒரே மரமா?

அன்று என்பதே நமது துணிபு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் வெள்ளகில் என வழங்கும் மரம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடல்கடந்து வந்தது வேறு குடும்பத்து மரம். இதனைத் தெளிவாக்குபவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். ஊர்காண் காதையின் உரையில் அவர் அகிலின் வகைகளாக அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்பவற்றைத் தருகிறார். முதல் மூன்றும் ஊர்ப்பெயர் அடியாகப் பிறந்தவை. அருமணம் என்பதைக் கீழைப் பர்மியக் கடற்கரை என்பர். தக்கோலம், மலாய்த் தீவக்குறையின் மேற்குக் கரையில் இன்றைய தாய்லாந்துக்குட்பட்ட தக்குவாபா பகுதி என்பது பலரும் கொள்ளும் கருத்து. கிடாரம் என்பது கடாரம். நமக்கு வடக்கே அடுத்திருக்கும் கெடா மாநிலம். பேராக்குக்கும் கெடாவுக்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டை மரம் அறியாது. உரையாசிரியர் கிடாரவன் என்று குறித்த அகில், நம் கிரிக் காட்டிலும் சுங்கை சிப்புட் மலைச்சரிவிலும் நிற்கும் காரஸ் மரத்தின் இனமே எனக் கொள்வதில் தடையில்லை. தமிழ்ப் பள்ளியில் சிலப்பதிகாரம் நடத்தும் ஆசிரியர் இவ்விடத்தில் சற்று நின்று, சன்னல் வழியே தெரியும் மலையைச் சுட்டிக்காட்டலாம்.

இச்சொல்லின் பயணம் நெடியது. வடமொழியில் அது அகுரு, மலாயில் காஹாரு, கிரேக்கத்தில் அகல்லோகோன். பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகரமுதலி இதனைத் திராவிடச் சொல்லாகவே பதிவு செய்கிறது. கீழை நாட்டு மொழிகளிலிருந்து சொல் மேற்கே வந்தது என்போரும் உளர். வெற்றி தோல்வி கணக்கிட வேண்டிய பொருள் இதுவன்று. போர்த்துகீசியர் மலையாளக் கரையில் அகில் என்பதைக் கேட்டு, அதைத் தம் காதுக்குப் பழகிய ஆகிலா என்னும் கழுகின் பெயராக்கிக் கொண்டனர். கழுகுக்கும் இம்மரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் 1783-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இம்மரத்துக்கு அறிவியற்பெயர் சூட்டியபோது அக்குயிலாரியா மலாக்சென்சிஸ் என்றார். கழுகும் மலாக்காவும் அப்பெயரில் அமர்ந்தன. கழுகைக் கிளறினால் அகில் வெளிப்படும், மலாக்காவைக் கிளறினால் நெல்லி வெளிப்படும்.

பெயர்க்குழப்பம் இதனோடு நிற்கவில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தின் அறிவியற்பெயரிலும் அகல்லோக்கா என்னும் சொல் உண்டு. அகிலோடு அதனை ஒரு காலத்தில் மயங்கியதன் எச்சம் அது. தில்லை, நம் மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலும் வளர்கிறது. மலாய்க்காரர் அதனைப் பூத்தா பூத்தா என்பர். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு இடர் என்பதை அப்பெயரே எச்சரிக்கிறது. நறும்புகை மரம் என்றெண்ணித் தில்லைக் கட்டையை எரிப்பவன் கதி என்னாகும்! வீட்டில் நாம் ஏற்றும் அகர்பத்தியின் அகர் என்பதும் அகிலே; இன்று விற்கும் பத்திகளில் அகில் பெயரளவில் மட்டுமே இருக்கிறது. இடையே ஒரு வேடிக்கை. ஆய்வுக்கூடத்தில் பூஞ்சணத்தை வளர்க்கும் தட்டில் ஊற்றும் கூழுக்கும் அகர் என்றே பெயர். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது, அகர் அகர் என்னும் மலாய்ச் சொல். நாம் திருவிழாக்காலத்தில் வண்ண வண்ணமாக வெட்டி உண்பதும் அதுவே. அகர் மரத்தின் சாற்றை அகர்க் கூழில் இட்டு ஆராய்கிறார்கள். இரு சொல்லுக்கும் உறவு இல்லை.

இனி மரத்தினுள் நடப்பதைக் காண்போம். காரஸ் மரத்தின் நலமான கட்டை வெளிறியது, இலேசானது, மணமற்றது. காற்றில் கிளை முறிந்தோ, புழு துளைத்தோ, கத்தி பட்டோ காயம் ஏற்பட்டால் அதன் வழியே பூஞ்சணம் உட்புகும். பியூசேரியம் போன்ற பல இனப் பூஞ்சணங்களை இக்காயங்களிலிருந்து பிரித்தெடுத்துள்ளனர். அவற்றைத் தடுத்து நிறுத்த மரம் ஒரு பிசினைச் சுரந்து, காயத்தைச் சுற்றியுள்ள கட்டையில் நிரப்புகிறது. செஸ்குவிடெர்ப்பீன்களும் குரோமோன் வகைச் சேர்மங்களும் அப்பிசினில் உள்ளன. கட்டை கறுத்துக் கனக்கிறது, மணக்கிறது. அதுவே அகில். சுருங்கக்கூறின், பூஞ்சணத்துக்கு மரம் தரும் மறுமொழியே அகில். அதனாலேயே அகிற்சாறு ஆய்வுக்கூடத்தில் சில பூஞ்சணங்களின் வளர்ச்சியைத் தடுப்பது வியப்பைத் தரவில்லை.

இவ்விடத்தில் மலாய் மொழி நமக்கு ஓர் ஆசிரியர். மலாயில் காரஸ் என்றால் மரம், காஹாரு என்றால் பிசின் ஏறிய கட்டை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல். எல்லாக் காரசிலும் காஹாரு இராது என்னும் அறிவு அவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது. தமிழிலோ மரமும் அகில், கட்டையும் அகில், புகையும் அகில். நமக்கு அது கலத்திலிருந்து இறங்கிய பண்டம். நிற்கும் மரத்தை நம் முன்னோருள் மிகப்பலர் கண்டதில்லை. காரகில் என்னும் சொல் மட்டும் கறுத்த கட்டையின் தனிச்சிறப்பைத் தொட்டுக்காட்டுகிறது. மரத்தோடு வாழ்ந்தவர் மொழிக்கும் அதனை விலைகொடுத்து வாங்கியவர் மொழிக்கும் உள்ள இடைவெளி இது.

அந்த இடைவெளிதான் மரத்தை அழிக்கிறது. இயற்கைக் காட்டில் பத்து மரத்தில் ஒன்றில்தான் பிசின் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. காட்டை அறிந்த ஓராங் அஸ்லி முதியவர் இலையின் வாட்டம், பட்டையின் புண், எறும்பின் நடமாட்டம் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்வார். சிறிது செதுக்கிப் பார்த்து, பிசின் உள்ள பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மரத்தை விட்டுவிடுவதும் உண்டு. விலையை மட்டும் அறிந்தவன் பத்தையும் வெட்டுவான். பேராக்கின் வடகாடுகளில் எல்லைதாண்டி வந்து காரஸ் வெட்டும் கும்பல்கள் பற்றி நாம் நாளிதழ்களில் படித்து வருகிறோம். மரத்தின் விதையும் விரைவில் முளைக்கும் திறனை இழந்துவிடும் இயல்பினது. சேமித்து வைத்து விதைக்கலாம் என்பதற்கில்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இம்மரம் 1995 முதல் இடம்பெற்றது. 2005 முதல் அதன் பேரினம் முழுவதுமே சேர்க்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் மலாக்சென்சிஸ் இனத்தை மிக அருகிய இனம் என வகுத்தது. அதற்கு அடுத்த படி, காட்டில் இல்லை என்பதே.

காட்டுப்பொருள் எடுப்போர்க்கெனத் தனிமொழியே இந்நாட்டில் இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஜொகூர்க் காட்டில் கற்பூரம் தேடிச் செல்வோர், காட்டிலிருக்கும்வரை கற்பூரத்தின் பெயரைச் சொல்லலாகாது. நாள்தோறும் வழங்கும் பல சொற்களையும் விலக்கி, கற்பூர மொழி எனப்படும் மாற்றுச் சொற்களையே பேசவேண்டும். லேக், கெல்சால் என்னும் இருவர் 1894-இல் ராயல் ஆசியச் சங்கத்தின் நீரிணைக் கிளை இதழில் இதனைப் பதிவு செய்தனர். தமிழ் வணிகருக்கும் இக்கற்பூரத்துக்கும் பழைய உறவு உண்டு. கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் பாருஸ் பகுதியில், திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது; அதன் காலம் கி.பி. 1088. கற்பூர மொழியை ஒரு பாதுகாப்புச் சட்டம் என்று இன்று புகழ்வது மிகையாகும். ஆயினும், ஒரு மொழியைக் கற்றே காட்டுக்குள் நுழைய வேண்டும் எனில், எல்லோரும் எளிதில் நுழைந்திருக்க முடியாது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். நம் மக்கள் பேராக்கில் அகில் தேடி வரவில்லை, பால்மரம் வெட்ட வந்தனர். ஹியூ லோ என்னும் ஆங்கில அதிகாரி 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகள், பின்னர் இம்மாநிலத்தின் முகத்தையே மாற்றின. இரப்பரின் தாயகம் அமேசான். அங்கே தோட்டமாக நட்டால் இலைக்கருகல் பூஞ்சணம் தாக்கி அழித்துவிடும். 1928-இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய பெருந்தோட்டம் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பூஞ்சணம் இக்கரைக்கு வராததால்தான் இங்கே இரப்பர் நிலைத்தது. நம் தாத்தா பாட்டியரும் நிலைத்தனர்.

விடியற்காலைப் பனியில், ஈரப்புல்லில், நனைந்த உடையோடு நிரை நிரையாக நடந்தவர்களுக்குப் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் தேமலும் பழகிய நோய்கள். பூசணம் பூத்தது என்று பழங்கஞ்சிக்கும் தோல்பைக்கும் சொல்லும் தமிழ், தோல்நோய்க்கு அச்சொல்லை வழங்கவில்லை. தோலில் வட்டமாகப் படர்வதை மலராகக் கண்டு படர்தாமரை என்றது, கடியாகக் கண்டு வண்டுகடி என்றது. தோட்டங்களில் நாங்கள் சொற்சேகரிப்பு செய்த காலத்தில், எந்த வண்டு கடித்தது என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டோம். பெயரில்தான் வண்டு இருக்கிறது, கடித்த வண்டை யாரும் கண்டதில்லை என்று அவர் சிரித்தார். பிறகு லயத்தின் பின்புறம் அழைத்துச் சென்று, மஞ்சள் மெழுகுவத்தி போல் நிமிர்ந்த பூங்கொத்துகளுடன் நின்ற செடியைக் காட்டினார். அதன் பெயர் வண்டுகொல்லி. வண்டுகடியைக் கொல்வதால் அப்பெயர். இலையை அரைத்து எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசுவார்களாம்.

இச்செடிக்குச் சீமை அகத்தி என்றும் பெயர் உண்டு. சீமை என்னும் அடைமொழி, கடல்கடந்து வந்தது என்று சான்றுரைக்கிறது. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மலாய்க்காரர் கெலெங்காங் என்பர், டாவுன் குராப் என்றும் சொல்வர். குராப் என்றால் படர்தாமரை. இரு மொழியும் கலந்து பேசாமலே, செடிக்கு நோயின் பெயரைச் சூட்டியுள்ளன. இலையில் கிரைசோபனால், ரெய்ன் ஆகிய சேர்மங்கள் உள்ளன. பூஞ்சணத் தோல்நோய்க்குப் பிலிப்பைன்ஸ் நலத்துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று, அங்கே அகாபுல்கோ என்று பெயர். சாலையோரத்தில் தானே முளைப்பது. வெட்டினால் தழைப்பது. படர்தாமரைக்கு அகில் எண்ணெய் என்று விலையேற்றி விற்கும் குப்பிகளை இணையக் கடைகளில் காணும்போது இச்செடியே நம் நினைவுக்கு வருகிறது. மிக அருகிய மரத்தைத் தோலரிப்புக்கு வெட்டுவது, வீணையை உடைத்து அடுப்பெரிப்பதற்கு ஒப்பாகும்.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. பூஞ்சணத்தை எதிர்க்கிறது என்று ஆய்வுக்கட்டுரை கூறினால், பெரும்பாலும் அதன் பொருள், தட்டில் வளர்ந்த பூஞ்சணம் சாறு பட்ட இடத்தைச் சுற்றி வளரவில்லை என்பதே. எலுமிச்சையும் உப்பும்கூடத் தட்டில் பலவற்றைத் தடுக்கும். மனிதத் தோலில், எவ்வளவு அளவில், எத்தனை நாள், கேடின்றி என்பவை வேறு வினாக்கள். முன்னோர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியது பூஞ்சணத்தைக் கொல்லவே என்று மேடைகளில் முழங்குவதையும் கேட்கிறோம். அவர்கள் மணத்துக்காகவும் ஈரம் புலர்த்தவும் ஊட்டினர். நூல்கள் சொல்வது அவ்வளவே. அதற்கு மேல் ஏற்றுவது நூலுக்கும் அறிவியலுக்கும் இழைக்கும் தீங்கு. படர்தாமரை ஆறாமல் பரவினால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மரத்தைக் காத்துக்கொண்டே பயன்கொள்ள இயலுமா? இயலும் என்பதற்குப் பேராக்கிலேயே சான்றுகள் உள்ளன. கோல செப்பெத்தாங்கை அடுத்த மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 எக்டர். அதற்கு 1904-இல் முதல் மேலாண்மைத் திட்டம் வகுத்தனர். முப்பது ஆண்டுச் சுழற்சியில் பகுதி பகுதியாக வெட்டி, இடையில் இருமுறை கலைத்துவிட்டு, வெட்டிய இடத்தில் மீண்டும் வளரச் செய்கின்றனர். கரிச்சூளைகள் இன்றும் புகைகின்றன; காடும் இருக்கிறது.

இரண்டாவது சான்று நம் கையிலேயே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடத் தாபான் மரத்தின் பிசின் தேவைப்பட்டது. அதனை எடுக்க மரத்தையே வீழ்த்தினர்; ஒரு மரத்தில் கிடைத்ததோ மிகச் சிறிது. மலாயாக் காடுகளில் தாபான் அருகியது. அந்நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, இரப்பர் மரத்தின் பட்டையை மட்டும் மெல்லச் சீவும் முறையைக் கண்டார். சீவிய பட்டை மீண்டும் வளரும். அந்த முறையை நாள்தோறும் பல்லாயிரம் மரங்களில் செய்து காட்டியவர்கள் நம் தோட்டத்துப் பெண்களும் ஆண்களும். உளி கட்டையைத் தொடக்கூடாது, தொட்டால் மரம் புண்படும், கணக்கப்பிள்ளை ஏசுவார். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் கருங்கோடு விழுந்தால் மருந்து பூசுவார்கள். பூஞ்சணம் போன்ற ஒரு நுண்ணுயிரின் தாக்குதல் அது. கொல்லாமல் காயப்படுத்தி, காயத்தைப் பேணி, பயன்கொள்வது அவர்களது கலை. அதனை யாரும் கலை என்று சொல்லவில்லை, பால்வெட்டு என்றே சொன்னார்கள்.

இன்று காரஸ் வளர்ப்போர் செய்ய முயல்வதும் இதுவே. மரத்தில் துளையிட்டு, பூஞ்சணக் கரைசலைச் செலுத்தி, பிசின் சுரக்கக் காத்திருக்கின்றனர். கோப்பேங் அருகே இம்மர இனத்தை வளர்க்கும் தோட்டம் ஒன்று சுற்றுலா இடமாகவே விளங்குகிறது. இலையைத் தேநீராக்கியும் விற்கின்றனர். பழைய இரப்பர் நிலங்களில் சிறு உடைமையாளர் சிலரும் நட்டுள்ளனர். நட்டவர் எல்லோரும் செல்வராவர் என்னும் விளம்பரங்களை நம்புவதற்கில்லை. செயற்கைக் காயத்தில் விளையும் அகில், பல்லாண்டு முதிர்ந்த காட்டு அகிலின் தரத்தை எட்டுவது அரிது. ஆயினும் தோட்டத்து அகில் சந்தைக்கு வருமளவுக்குக் காட்டு மரத்தின் மீதுள்ள அழுத்தம் குறையக்கூடும் என்பதால் இம்முயற்சியை வரவேற்கிறோம். உளி பிடித்த கைகளின் அறிவு இதில் சேர்க்கப்படவில்லை என்பதே நம் குறை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புற அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தபோது, லயத்தின் பின்புறத்து வண்டுகொல்லி பெயரின்றிப் போனது. இன்றைய மாணவர் அதனை ஏதோ மஞ்சள் பூச்செடி என்கிறார்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பேராக்கில் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. பல, தோட்டத்து மண்ணிலேயே நிற்பவை. பள்ளி வளாகத்தில் ஒரு காரஸ் கன்றும் ஒரு வண்டுகொல்லியும் நடுக. தமிழ், மலாய், அறிவியற்பெயர் மூன்றையும் பலகையில் எழுதுக. காரஸ் பலகையில் அகில் மரம் என்று எழுதினால் போதாது, அகில் தரும் மரம் என்று எழுதுக. மாணவர்கள் தம் பாட்டியரிடம் கேட்டுவர வேண்டியவை ஐந்து: செடியின் பெயர் என்ன, யார் அப்படி அழைத்தார், எந்த உறுப்பைப் பயன்படுத்தினர், எந்த நோய்க்கு, எடுத்த பிறகு செடி பிழைத்ததா. ஐந்தாவது கேள்வியைத் தவறாமல் கேட்கச் சொல்லுங்கள். பழைய மூலிகை அகராதிகளில் அதற்கு விடை தேடினால் கிடைப்பதில்லை. சொற்படிவங்களை வாயிலருகே மேசையில் வைத்துள்ளோம். ஒரு மரத்துக்கு ஒரு தாள் போதும். நிரப்பியவற்றைப் பள்ளி விடுமுறைக்கு முன் அனுப்பிவைத்தால் தொகுப்பதற்கு எளிதாகும்.